வெள்ளலூர்க் காசும் ரோமாபுரி வாக்கும்

(பீளமேட்டில் நடைபெற்ற அரசியல் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



"ரோமாபுரியிலே வர்க்கங்களும் ஆட்சி அதிகாரமும்" என்பது எனக்கு இடப்பட்டிருக்கும் தலைப்பு. துண்டறிக்கையிலே இதனைக் கண்ட நண்பரொருவர், அவினாசிச் சாலையிலே என்னை நிறுத்தி, "பீளமேட்டுக்காரனுக்கு ரோமாபுரி எதற்கய்யா? நூல் விலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசினால் ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய விடை நெடுந்தொலைவில் இல்லை, வெள்ளலூரிலே இருக்கிறது.

சிங்காநல்லூரைக் கடந்து தெற்கே சென்றால் நொய்யல் ஆறு. அதன் கரையிலே வெள்ளலூர். 1842-ஆம் ஆண்டிலே அவ்வூர் மண்ணிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அத்தனையும் ரோமாபுரியிலே வழங்கிய காசுகள்! 1891-லும் 1931-லும் அதே ஊரிலே மீண்டும் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசர்களின் பெயர் பொறித்தவை.

இக்காசுகள் இங்கு வந்தது எதற்காக? மேற்குக் கரையின் மிளகுக்காக. நம்மவர் நெய்த துணிக்காக. காங்கேயத்தை அடுத்த படியூர் மண்ணிலே விளைந்த பெரில் என்னும் நீலப்பச்சைக் கல்லுக்காக. பதிற்றுப்பத்து போற்றும் கொடுமணம் என்னும் ஊர், இன்று கொடுமணல் என்ற பெயரோடு இதே நொய்யலின் கரையிலே இருக்கிறது. அங்கே அகழ்ந்து பார்த்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், கல்லை அறுத்து மணியாக்கிய பட்டறைகளும் வெளிப்பட்டன. பிளினி என்னும் ரோமாபுரி எழுத்தாளன், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா வாங்கிக் கொள்கிறதே என்று தன் நூலிலே குறைபட்டுக் கொண்டான்.

இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்ளுகிறோம், கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடலாமா? கல்லை அறுத்தவன் கை நம்மவன் கை. கல்லை அணிந்த விரல் யார் விரல்? இதையும் கேட்க வேண்டாமா?

கணக்குப் பார்ப்போம். நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தது ஒரு தினார் என்னும் வெள்ளிக் காசு. அகஸ்டஸ் காலத்திலே ரோமாபுரிப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தினார், அதாவது 900 செஸ்டர்ஸ். உணவுக்கும் உடைக்கும் அதிலேயே பிடித்தம் உண்டு. 1842-இல் வெள்ளலூரிலே கிடைத்த அந்த ஒரு புதையலே, உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட ஒரு வீரனின் இரண்டாண்டுச் சம்பளத்துக்கு மேல்! அதே காலத்திலே, செனட் என்னும் ஆட்சி மன்றத்திலே அமர வேண்டுமானால் பத்து லட்சம் செஸ்டர்ஸ் மதிப்புள்ள சொத்து இருந்தாக வேண்டும் என்று விதி. அதற்கு அடுத்த குதிரைவீரர் வகுப்பிலே இடம்பெற நான்கு லட்சம். செனட் உறுப்பினனின் குறைந்தபட்சச் சொத்தைச் சேர்ப்பதற்கு, அந்தப் படைவீரன் ஒரு காசும் செலவழிக்காமல் 1,100 ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும்!

இத்தகைய ஏற்றத்தாழ்வு நிலவிய நாடு, எக்காலமும் முடியாட்சியிலேயே இருந்த நாடு அன்று. மக்கள் கூடி வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த குடியரசு அது. வாக்கு இருந்தும் அதிகாரம் ஏன் மக்கள் கைக்கு வரவில்லை? இருந்த வாக்கும் எப்படிப் பறிபோயிற்று? இதுதான் இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

மலை ஏறிய மக்கள்

கி.மு. 509-இலே மன்னனை விரட்டிவிட்டு ரோமாபுரி குடியரசாயிற்று என்பது அந்நாட்டு மரபு. மன்னன் போனான், மன்னர்கள் பலர் வந்தார்கள்! பெட்ரீசியர் எனப்பட்ட பழங்குடிச் செல்வக் குடும்பங்கள் பதவிகளைத் தம் பிறப்புரிமை என்றன. எஞ்சிய பொதுமக்கள் பிளபியர் எனப்பட்டனர். உழுதவர் அவர், போரிட்டவரும் அவர். போர்க்களத்திலிருந்து திரும்பியபோது நிலம் தரிசாகக் கிடந்தது. கடன் வாங்கினர். கடனைக் கட்ட இயலாதவனுடைய உடலே ஈடு. கடன் கொடுத்தவன் வீட்டிலே அவன் கட்டுண்டு உழைக்க வேண்டும்.

கி.மு. 494-இலே, மரபு கூறுகிறபடி, அம்மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். வாளை உருவவில்லை, வீடுகளைக் கொளுத்தவில்லை. "இது உங்கள் நகரம், நீங்களே காத்துக் கொள்ளுங்கள்" என்று கூறாமற் கூறி, நகரை விட்டு வெளியேறி, அருகிலிருந்த மலையிலே போய் உட்கார்ந்துகொண்டனர். உழுவோர் இல்லை, போரிடுவோர் இல்லை. ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு இதன் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. வேலைநிறுத்தம்!

பதறிப்போன சீமான்கள், மெனீனியஸ் அக்ரிப்பா என்பவனைத் தூது அனுப்பினர். அவன் ஒரு கதை சொன்னானாம். கையும் காலும் வாயும் பல்லும், உழைக்காத வயிற்றுக்கு நாங்கள் ஏன் உணவு ஊட்ட வேண்டும் என்று கோபித்துக் கொண்டன, வயிறு வாடியது, உடனே கைகால்களும் வாடின, ஆகவே வயிறாகிய செனட்டைக் கைகால்களாகிய மக்கள் வெறுக்கலாகாது என்பது கதையின் கருத்து. நல்ல கதைதான். ஆனால் வயிறு தான் பெற்றதையெல்லாம் உடல் முழுமைக்கும் பகிர்ந்து தருகிறது. ரோமாபுரிச் சீமான் பகிர்ந்தளித்தானா? கதையிலே அந்தப் பகுதியைத் தூதன் எப்படித் தாண்டிச் சென்றான் பார்த்தீர்களா!

மக்கள் கதையோடு திரும்பவில்லை, உரிமையோடு திரும்பினார்கள். டிரிப்யூன் என்னும் மக்கள் காவலர் பதவி அன்று பிறந்தது. ஆட்சியாளர் ஒருவனுக்குக் கொடுமை இழைத்தால், "தடுக்கிறேன்" என்று குறுக்கே நிற்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் மேனியைத் தீண்டுவது பெரும் பாவம். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும்.

அதன்பின் படிப்படியாக உரிமைகள் வந்தன. கி.மு. 451, 450-லே சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளிலே எழுதப்பட்டன. 445-லே இரு வகுப்பாரும் மணவினை கொள்ளலாம் என்ற சட்டம் வந்தது. 367-லே, கான்சல் என்னும் தலைமைப் பதவி இரண்டில் ஒன்று பிளபியருக்கு என்றாயிற்று. 287-லே, பிளபியர் மன்றத்தின் தீர்மானம் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஏற்கப்பட்டது.

இருநூறு ஆண்டுப் போராட்டம்! வெற்றிதானே என்பீர்கள். வெற்றிதான், யாருடைய வெற்றி என்பதிலேதான் சூட்சுமம். பிளபியருள்ளும் செல்வர் இருந்தனர். கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்கள் அவர்களே. நுழைந்தவர்கள் பழைய பெட்ரீசியரோடு சம்பந்தம் செய்துகொண்டு, கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டார்கள். பிறப்பின் பெயரால் இருந்த ஆட்சி, பணத்தின் பெயரால் தொடர்ந்தது. நம்மவன் ஒருவன் நாற்காலியில் அமர்ந்துவிட்டான் என்பதாலேயே நம் வாழ்வு மலர்ந்துவிடாது, தோழர்களே. அமர்ந்தவன் யாருக்காக எழுந்து பேசுகிறான் என்பதே கேள்வி.

எண்ணும் வித்தை

அடுத்து, வாக்கை எண்ணிய முறையைக் காணுங்கள்.

கான்சல்களைத் தேர்ந்தெடுத்த பேரவையிலே ஆளுக்கொரு வாக்கு என்று எண்ணுவதில்லை. குடிமக்களைச் சொத்தின்படி 193 பிரிவுகளாகப் பிரித்திருந்தனர். பிரிவுக்கு ஒரு வாக்கு. குதிரைவீரர்க்கு 18 பிரிவு. முதல் வகுப்புச் செல்வர்க்கு 80 பிரிவு. இரண்டும் சேர்ந்தால் 98. 193-இலே பாதிக்கு மேல்! சொத்தே இல்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேராயினும் அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிவு. நாட்டுக்குத் தம் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் தர இயலாதவர் என்ற பொருளிலே அவர்களுக்கு "புரோலிடாரி" என்று பெயர். பாட்டாளியைக் குறித்துப் பின்னாளில் உலகமெங்கும் வழங்கிய சொல் அங்கே பிறந்தது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பீளமேட்டிலே 193 வாக்குச் சாவடிகள் அமைக்கிறார்கள். சாவடிக்கு ஒரு வாக்கு என்கிறார்கள். ஆலை முதலாளிமார், பெருநிலக்காரர் குடும்பங்களுக்கு 98 சாவடிகள். எஞ்சியவற்றை நடுத்தரத்தாருக்கு வகுப்பு வகுப்பாகப் பங்கிட்டுவிட்டு, ஆலைத் தொழிலாளர், வார்ப்படத் தொழிலாளர், பண்ணையாள், சலவைக்காரர், துப்புரவுப் பணியாளர் அனைவரையும் ஒரே சாவடியிலே நிறுத்துகிறார்கள். வரிசை ஒண்டிப்புதூர் வரை நீளும், வாக்கு ஒன்றே! அது மட்டுமா? செல்வர் சாவடிகள் முதலில் வாக்களிக்கும். 97 சாவடி ஒருபக்கம் சேர்ந்தவுடன் முடிவை அறிவித்துவிடுவார்கள். ஏழையின் சாவடியைக் கூப்பிடவே வேண்டியதில்லை. பின்னாளில் இந்த எண்ணிக்கையிலே சிறிது திருத்தம் செய்தார்கள், அடிப்படை மாறவில்லை.

சிசரோ என்னும் பேச்சாளன் இதை மறைக்கவில்லை. பெருந்தொகையினர் கையிலே பேரதிகாரம் சேர்ந்துவிடாதபடி செய்வதே இவ்வேற்பாட்டின் நோக்கம் என்று வெளிப்படையாகவே எழுதினான். ஒருவருக்கும் வாக்கு இல்லை என்று சொல்லவில்லை பாருங்கள். வாக்கு உண்டு, எடை இல்லை!

அடிமைகளுக்கோ வாக்கும் இல்லை, பெயரும் இல்லை. வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ, பண்ணைக் கருவிகள் மூவகை என்று கணக்கிட்டான். வண்டி, பேசாத கருவி. மாடு, அரைகுறையாய்ப் பேசும் கருவி. அடிமை, பேசும் கருவி. கி.மு. 73-இலே ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அந்தப் பேசும் கருவிகள் கிளர்ந்தெழுந்தன. 71-இலே அவர்களை முறியடித்தபின், பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் காப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரமெங்கும் சிலுவைகளிலே அறைந்து நிறுத்தினார்கள்.

நிலமும் குருதியும்

நிலச் சீர்திருத்தத்தின் கதைக்கு வருவோம். பொதுநிலத்திலே ஒருவன் 500 யூகெரா, நம் கணக்கிலே ஏறத்தாழ 310 ஏக்கர், அதற்குமேல் வைத்துக்கொள்ளலாகாது என்பது கி.மு. 367-ஆம் ஆண்டுச் சட்டம் என மரபு கூறும். அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவன் லிசினியஸ் ஸ்டோலோ. பத்தாண்டுகள் கழிந்தன. சட்டத்தை மீறியதற்காக ஒருவனுக்குத் தண்டம் விதித்தார்கள். யார் அவன்? அதே லிசினியஸ் ஸ்டோலோ! ஆயிரம் யூகெரா வைத்திருந்தான். மகனைத் தனிக்குடும்பமாகக் காட்டி, அவன் பெயரிலே பாதியை எழுதி வைத்திருந்தான். பினாமி என்பது நம் நாட்டுப் புதுச்சரக்கு அன்று. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழஞ்சரக்கு!

நம் தமிழ்நாட்டிலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் நில உச்சவரம்பை 30 தர ஏக்கர் என்றது. 1970-இலே அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஏட்டிலே எண் குறைவது எளிது. பேரன் பேரிலும் பேத்தி பேரிலும் ஒளிந்திருக்கும் நிலத்தை வெளிக்கொணர்வதே கடினம். அதற்குச் சட்டம் மட்டும் போதாது. ஊரிலே விழிப்புள்ள மக்கள் வேண்டும்.

ரோமாபுரியிலே சட்டம் உறங்கிற்று, பெரும்பண்ணைகள் வளர்ந்தன. போருக்குப் போன உழவன் நிலம் இழந்து நகரத்துச் சந்திலே ஒதுங்கினான். அவன் நிலத்திலே போர்க்கைதி அடிமையாய் உழுதான். கி.மு. 133-இலே டைபீரியஸ் கிராக்கஸ் என்னும் இளைஞன் டிரிப்யூன் ஆனான். காசிலே பெயர் பொறித்த டைபீரியஸ் வேறு. நூற்றைம்பது ஆண்டுக்கு முற்பட்ட இவன் வேறு. பழைய வரம்புக்கு மேற்பட்ட பொதுநிலத்தை எடுத்து ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்றான். சீமான்கள் என்ன செய்தார்கள்? மக்களைக் காப்பதற்காகப் பிறந்த அந்தத் "தடுக்கிறேன்" என்னும் ஆயுதத்தையே விலைக்கு வாங்கியது போல், ஆக்டேவியஸ் என்ற மற்றொரு டிரிப்யூனைக் கொண்டு தடுத்தார்கள்! மக்கள் மன்றம் ஆக்டேவியஸைப் பதவி நீக்கிற்று, சட்டம் நிறைவேறிற்று. ஆனால் அவ்வாண்டே செனட் உறுப்பினர்கள் உடைந்த விசுப்பலகைக் கால்களை ஏந்தி வந்து, கிராக்கஸையும் அவனோடு ஏறத்தாழ முந்நூறு பேரையும் அடித்துக் கொன்று, உடல்களை டைபர் ஆற்றிலே எறிந்தார்கள். அவன் தம்பி கேயஸ் கிராக்கஸ் அண்ணன் வழியிலே நின்றான், கி.மு. 121-இலே அவனும் மாண்டான்.

வாக்கைப் பொறுத்துக்கொண்டவர்கள், வாக்கு நிலத்தைத் தொட்டவுடன் தடியெடுத்தார்கள். அரசியல் உரிமை பேச்சளவிலே இருக்கும்வரை உடைமையாளர் புன்னகை புரிவர். அது உடைமையைத் தொடும்போதுதான் அவர் முகம் தெரியும்.

வாக்கின் விலை

நிலம் போனவனுக்கு எஞ்சியது வாக்கு. அதற்கும் விலை வந்தது.

கி.மு. 139-இலே மறைவாக்கு முறை வந்தது. மெழுகு பூசிய பலகையிலே கீறிப் போடலாம். பண்ணையார் பார்க்க மாட்டார். நல்ல சீர்திருத்தம். ஆயினும் அதனால் இலஞ்சம் ஒழிந்ததா? தேர்தலிலே பணம் பங்கிடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். "பங்கிடுவோர்" என்பதே அவர்களுக்குப் பெயர். வட்டாரம் வட்டாரமாக, குலக்குழு குலக்குழுவாக, இவனுக்கு இவ்வளவு என்று கணக்கு. தேர்தல் முடியும்வரை பணத்தைப் பொறுப்பிலே வைத்துக் காப்பதற்கு வேறு ஆட்கள். இலஞ்சத்தைத் தடுக்கச் சட்டத்தின்மேல் சட்டம், சட்டத்தின்மேல் இலஞ்சம்! கி.மு. 54-ஆம் ஆண்டுத் தேர்தலிலே வேட்பாளர்கள் வாங்கிய கடனால், ரோமாபுரியிலே வட்டி நூற்றுக்கு நான்கிலிருந்து எட்டாக ஏறிற்று.

இதைக் கேட்கையிலே உங்களில் சிலர் முகத்திலே ஒரு புன்சிரிப்பைக் காண்கிறேன். வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, வீட்டுக்கு இத்தனை என்று உறை போடும் வேலையை நாமும் பார்த்திருக்கிறோம். கொடுப்பவன் முட்டாள் அல்லன். ஒரு நாளைக்குக் கொடுத்ததை ஐந்தாண்டுக்கு வசூலிக்கிறான். வாங்குபவனைப் பழிப்பது எளிது. அடுத்த வாரக் கூலி நிச்சயமில்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு, அந்த உறை மருந்துச் செலவு, பள்ளிக் கட்டணம். பிழைப்பு நிலையில்லாதவன் வாக்கு நிலைத்து நிற்பது அரிது. ஆகவேதான் கூலிப் போராட்டமும் வாக்குரிமைப் போராட்டமும் இரண்டல்ல, ஒன்று என்கிறோம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. இத்தாலி மக்கள் ரோமாபுரிப் படையிலே போரிட்டனர், குடியுரிமை இல்லை. கி.மு. 91-இலே ஆயுதம் எடுத்தனர். பெரும்போர் மூண்டது, குடியுரிமை கிடைத்தது. ஆனால் வாக்களிக்க வேண்டுமானால் ரோமாபுரிக்கே நேரில் வரவேண்டும்! வண்டியும் ஆளும் உடைய செல்வன் வந்தான். பத்து நாள் வழிநடையிலே இருந்த உழவன் எப்படி வருவான்? உரிமை ஏட்டிலே; ஆள் ஏர்க்காலிலே.

நம் பகுதிப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தோழர்கள் இன்று உழைக்கின்றனர். அவர்கள் உழைப்பு இங்கே. பலருடைய வாக்குச்சீட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால். தேர்தல் நாளிலே ஊருக்குப் போகக் கூலியும் விடுப்பும் இல்லை. இங்கோ பெயர் இல்லை. யாருக்கும் வாக்காளர் அல்லாதவனைப் பற்றி யார் கவலைப்படுவார்? அவர்களை அந்நியர் என்று ஏசும் பேச்சு நம்மிடையே சில நேரம் எழுகிறது. அந்நியர் அல்லர், இத்தாலி உழவரைப் போல, உழைப்பைத் தந்து குரலை இழந்தவர்.

காசில் உள்ள முகம்

தொடக்கத்திலே சொன்ன காசுக்கு இப்போது வருகிறேன்.

உள்நாட்டுப் போர்களின் முடிவிலே குடியரசு மடிந்தது, அகஸ்டஸ் பேரரசனானான். பேரவையை அவன் கலைக்கவில்லை. தேர்தலும் பெயருக்கு நடந்தது. நகரத்து ஏழைக்கு இலவசத் தானியம் கிடைத்தது. தேரோட்டமும் வாட்போரும் வேடிக்கையாகக் கிடைத்தன. பசித்தவனுக்குத் தானியம் தருவதை நான் குறை சொல்லேன். அதற்காகக் கேயஸ் கிராக்கஸே சட்டம் செய்தான். ஆனால் அவன் அதை மக்களின் உரிமையாகத் தந்தான்; பேரரசனோ தன் கருணையாகத் தந்தான். உரிமையாகப் பெற்றவன் நிமிர்ந்து நிற்பான். கருணையாகப் பெற்றவன் கைகட்டி நிற்பான்.

கி.பி. 14-இலே அகஸ்டஸ் இறந்தான். டைபீரியஸ் அரியணை ஏறினான். அவ்வாண்டே, பதவிகளுக்கான தேர்தல் மக்கள் பேரவையிலிருந்து செனட்டுக்கு மாற்றப்பட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? மலை ஏறினார்களா? முணுமுணுத்தார்கள்; அவ்வளவுதான் என்று டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியன் குறித்திருக்கிறான். செனட் சீமான்களோ மகிழ்ந்தார்களாம். ஏன் தெரியுமா? இனி மக்களுக்குக் கையூட்டுக் கொடுக்கவும் கெஞ்சவும் வேண்டாமே என்று!

ஐந்நூறு ஆண்டுகளாகக் குருதி சிந்தி வளர்த்த வாக்கு, ஒரு முணுமுணுப்போடு போயிற்று. போருக்குப் போகவில்லை, புயலிலே போகவில்லை. எடையற்று, விலைபோய், பயனற்றுக் கிடந்த உரிமையை எடுத்துக்கொண்டபோது தடுக்க எவரும் எழவில்லை.

வெள்ளலூர் மண்ணிலே கிடைத்த வெள்ளிக் காசுகளிலே நிறைய இருப்பது, அந்த டைபீரியஸின் முகம். மக்கள் கையிலிருந்து தேர்தலைப் பறித்தவனின் முகம், தோழர்களே! அது நம் நொய்யல் கரையிலே கிடைத்தது ஒரு தற்செயல். நாம் அதிலிருந்து பாடம் கற்பது தற்செயலாக இருத்தல் ஆகாது.

நம் நாட்டுக் கணக்கு

நம் வாக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920-இலே சென்னை மாகாணத்திலே முதன்முதலாகச் சட்டமன்றப் பொதுத்தேர்தல் நடந்தபோது, ஏறத்தாழ நான்கு கோடி மக்களிலே வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர். நூற்றுக்கு மூவர்! தீர்வை கட்டும் நிலம், வரி கட்டும் வீடு, இவையே வாக்காளனின் அடையாளம். பெண்களுக்குச் சென்னை மன்றம் 1921-இலே கதவைத் திறந்தது. அப்போதும் சொத்துள்ள பெண்களுக்கே.

1937-இலே வாக்காளர் தொகை பெருகிற்று. சொத்துத் தகுதி முற்றிலும் நீங்கவில்லை. 215 இடங்கள் கொண்ட அந்தச் சட்டமன்றத்திலே நிலப்பிரபுக்களுக்கென்று தனியாக 6 இடம். வணிகர், தொழிலதிபர்க்கென்று 6 இடம். இலட்சக்கணக்கான தொழிலாளர் அனைவருக்கும் சேர்த்து 6 இடம். ரோமாபுரியின் 193 பிரிவுகள் உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

1946-ஆம் ஆண்டுத் தேர்தலும் அதே முறையிலேதான் நடந்தது. அதே 1946-இலே, ஜனவரி 8-ஆம் நாள், நமக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்திலுள்ள சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளர் நால்வர், ஆலைப் போராட்டத்தையொட்டி எழுந்த கொலை வழக்கிலே கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்னும் அந்நால்வரின் பெயரை இவ்வட்டாரத்துத் தொழிலாளர் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். ஆளுக்கொரு வாக்கு, வாக்குக்கு ஒரே மதிப்பு என்னும் நாளைக் காண அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1950-இலே அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1952 தொடக்கத்திலே தமிழ்நாட்டார் முதன்முறையாகச் சொத்து கேளாமல், படிப்பு கேளாமல், ஆண் பெண் பாராமல் வரிசையில் நின்றனர். பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே வரிசை. முதலாளியின் சீட்டும் மூட்டைத் தூக்குவோன் சீட்டும் ஒரே பெட்டி. ரோமாபுரி ஐந்நூறு ஆண்டிலே அடையாததை நாம் ஒரே நாளிலே அடைந்தோம்.

ஆனால் அச்சட்டத்தை வடித்த அம்பேத்கர், 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலே எச்சரித்தார். அரசியலிலே சமத்துவம் பெறுகிறோம். சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வோடு வாழப்போகிறோம். இம்முரண்பாட்டை விரைவிலே களையாவிடில், பாதிக்கப்பட்டோர் இந்த ஜனநாயக மாளிகையையே தகர்ப்பர் என்பது அவர் பேச்சின் சாரம். ரோமாபுரி வரலாறு மற்றோர் ஆபத்தையும் காட்டுகிறது. மக்கள் தகர்க்கவும் வேண்டாம். அலுத்துப்போய்க் கைவிட்டாலே போதும். எடுத்துக்கொள்வோர் காத்திருக்கிறார்கள்!

செய்ய வேண்டுவது

ஆகவே, இக்கூட்டம் கைதட்டலோடு முடியலாகாது. மூன்று வேலைகளை ஒவ்வொரு கிளையும் மேற்கொள்ள வேண்டும்.

முதலாவது, வாக்காளர் பட்டியலைக் கையிலெடுத்துத் தெருத்தெருவாகப் போக வேண்டும். வாடகை வீடு மாறியவர், ஆலை விடுதியிலே தங்கியிருக்கும் பதினெட்டு வயது நிரம்பிய பெண்கள், இங்கேயே குடியேறிவிட்ட வெளிமாநிலத் தோழர்கள் ஆகியோரின் பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்கச் செய்ய வேண்டும். பெயரில்லாதவனுக்குக் குரலில்லை.

இரண்டாவது, உறையோடு வருபவனை எதிர்த்துப் பேசுவதோடு நில்லாமல், உறை தேவைப்படும் நிலையை எதிர்த்துப் போராட வேண்டும். நிரந்தர வேலை, சட்டப்படியான கூலி, மருத்துவ ஈட்டுறுதி இவற்றைப் பெற்றுத் தருவது சங்கத்தின் வேலை மட்டுமன்று. வாக்கைக் காக்கும் வேலையும் அதுவே.

மூன்றாவது, நாம் தேர்ந்தெடுத்து அனுப்புபவர் எவராயினும், நம் கட்சிக்காரரே ஆயினும், அவர் வீட்டுக் கதவு டிரிப்யூன் வீட்டுக் கதவு போலத் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாழிட்டிருந்தால் தட்ட வேண்டும். தட்டியும் திறவாவிடில் அடுத்த தேர்தலிலே நினைவுகூர வேண்டும்.

வழியிலே என்னைக் கேட்ட நண்பர் இங்கே வந்திருக்கிறார். அவருக்குச் சொல்கிறேன். நூல் விலையையும் கூலியையும் பற்றித்தான் ஐயா, இவ்வளவு நேரமும் பேசினேன். அவற்றை முடிவு செய்யும் அதிகாரம் யார் கையிலே என்பதுதான் ரோமாபுரியின் கதை.

கல்லை அறுத்தவன் கையும் வாக்குச்சீட்டை ஏந்தும் கையும் ஒன்றே. அந்தக் கை தளராதிருக்கட்டும்.